காரின் மேல் கூடாரம்: விரிப்பது எளிது, மடிப்பதில்தான் வேலை

காரின் கூரையில் பொருத்துகிற, கெட்டியான மூடி கொண்ட ஹார்ட் ஷெல் கூடாரத்தின் மூடியைத் தூக்கிவிட ஒரு நிமிடம் போதும். விற்பவர்கள் காட்டுவதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான். காலையில் அதை மடித்துப் பூட்டுவதையும், வீடு திரும்பியபின் காய வைப்பதையும் யாரும் காட்டுவதில்லை. புதிதாக வாங்கியவர்கள் திணறுவது அங்கேதான்.

எடைக் கணக்கு

கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று காரின் கையேட்டில் போட்டிருக்கும். அது வண்டி ஓடும்போதைய கணக்கு. பெரும்பாலும் 50 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். கூடாரமே 60, 70 கிலோ வரும். அதோடு கிராஸ்பாரின், அதாவது கூடாரத்தைத் தாங்க கூரையின் குறுக்கே மாட்டுகிற கம்பிகளின், எடையையும் கூட்ட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இதில்தான். கிராஸ்பாருக்கென்று தனி வரம்பும் உண்டு. இரண்டில் எது குறைவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டு பேர் மேலே ஏறிப் படுத்தால்? நிற்கிற வண்டியின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஓடும்போது பிரேக்கும் வளைவும் பள்ளமும் சேர்ந்து இழுப்பதால்தான் அந்த வரம்பு அவ்வளவு குறைவு.

பொருத்துவது

தூக்கி வைக்க இரண்டு பேராவது வேண்டும். மூன்று பேர் இருந்தால் முதுகு பிழைக்கும். கூடாரத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு அலுமினியத் தடங்கள் இருக்கும். போல்ட்டின் தலையை அதில் நுழைத்து நகர்த்தி, கிராஸ்பாருக்குக் கீழே இரும்புப் பட்டையைக் கொடுத்து நட்டை முடுக்குங்கள். ஒரு மூலையை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாக இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.

வண்டியின் புதிய உயரத்தை அளந்து, எழுதி, டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். அடித்தளப் பார்க்கிங்கின் வாசலில் நின்று யோசிக்கக் கூடாது.

விரிப்பது

சமதளம்தான் முக்கியம். தண்ணீர் பாட்டிலை கார் தரையில் படுக்க வைத்தால் எந்தப் பக்கம் சரிவு என்று தெரிந்துவிடும். கொஞ்சம் சரிவு இருந்தே தீரும் என்றால் தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் திறக்கிற வகையாக இருந்தால், கீல் இருக்கும் தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்த்து நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கொக்கிகள் எல்லாவற்றையும் விடுவித்து, மூடியைக் கையால் கொஞ்சம் உயர்த்தினால் மீதியை கேஸ் ஸ்ட்ரட் (மூடியைத் தூக்கிப் பிடிக்கிற வாயுத் தண்டு) பார்த்துக்கொள்ளும். ஏணியை நீட்டும்போது ஒவ்வொரு படியிலும் பூட்டு விழுகிற 'டக்' சத்தத்தைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இரவில் எதிரெதிர் ஜன்னல்களை, மழையாக இருந்தாலும், கையளவு திறந்து வையுங்கள். அடைத்துப் படுத்தால் நம் மூச்சுக் காற்றின் ஈரமே மூடியின் உட்புறத்தில் துளித்துளியாகக் கோத்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும். குளிருக்கு அடுப்பை உள்ளே கொண்டுபோகவே கூடாது; தீ ஒருபுறம், கார்பன் மோனாக்சைடு இன்னொருபுறம்.

மடிப்பது

கனமான தலையணைகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னல் ஒன்றைத் திறந்தே வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று மூடியை இறங்க விடாது. மூடியில் தொங்கும் இழுபட்டையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ஒரு முழம் இடைவெளி இருக்கும்போது நிறுத்தி, ஒரு சுற்று சுற்றி வந்து, பிதுங்கி நிற்கிற துணியை உள்ளங்கையால் உள்ளே தள்ளுங்கள். கீல் பக்க மூலைகளில்தான் துணி அதிகம் ஒளிந்திருக்கும். மூடி விளிம்பை அடைக்கிற ரப்பர் பீடிங்குக்கு இடையே ஒரு விரலளவு துணி மாட்டினாலும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது மழைநீரை உள்ளே இழுத்து மெத்தையை நனைத்துவிடும். மூடியபின் ஒவ்வொரு கொக்கியையும் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

ஒருமுறை மழையில் நனைந்த கூடாரத்தை அப்படியே மடித்து வந்து, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வாரம் விட்டுவிட்டேன். திறந்தால் குப்பென்று பூசண வாடை, தையல் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். தேய்த்துத் தேய்த்து வாடை போனது. புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே ஈரத்தோடு மடித்தால் ஓரிரு நாளுக்குள் திறந்து காய வையுங்கள். மெத்தையைத் தூக்கி நிறுத்த மறக்காதீர்கள். அதன் அடிப்பக்கம்தான் கடைசியாகக் காயும்.

அழுக்குக்கு வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மிருதுவான பிரஷ் போதும். பிளீச்சும் பிரஷர் வாஷரும் துணியின் நீர்புகாப் பூச்சைக் கெடுக்கும். மழைத்துளி உருண்டு ஓடாமல் துணியில் ஊற ஆரம்பித்தால், நன்றாகக் காய்ந்தபின் நீர்புகா ஸ்ப்ரே அடிக்கலாம். பருத்தி கலந்த கான்வாஸ் என்றால் முதல் பயணத்துக்கு முன்பே தண்ணீர் தெளித்துக் காய வையுங்கள். நூல் உப்பி ஊசித் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

ஜிப்பில் மண்ணைத் தட்டியபின் சிலிக்கான் ஸ்ப்ரே. ரப்பர் பீடிங்குக்கும் அதேதான். கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். ஸ்ட்ரட்டின் தண்டைத் துணியால் துடைத்தால் போதும். தூக்கிய மூடி தானாக இறங்க ஆரம்பித்தால் இரண்டு ஸ்ட்ரட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் பயணம் இல்லையென்றால் கழற்றி, தரையில் படாமல் கட்டைகள் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றாதீர்கள். அப்புறம், உள்ளே ஒரு பிஸ்கட் துண்டுகூட இல்லை என்று பார்த்துவிட்டு மூடுங்கள். எலிக்கு அந்தத் துணி ஒரு பொருட்டே இல்லை.