ஸ்பானியல் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வயதாகிவிட்டது, அதனால்தான் சிடுசிடுக்கிறது" என்றார் நடைப்பயிற்சியில் சந்தித்த ஒருவர். அவருடைய காக்கர் ஸ்பானியல் நாய்க்கு 8 வயது. இந்த இனம் 12 முதல் 14 ஆண்டுகள் வரை வாழும். நான் குனிவதற்குள்ளாகவே அதன் காதிலிருந்து புளித்த மாவு வாடை வந்தது. தடுப்பூசி, குடற்புழு மருந்தையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இதுபோன்ற தவறுகளை மட்டும் யாரும் சொல்வதில்லை.

காதுவலிக்குக் கோபம் என்று பெயர் வைப்பது

என் முதல் காக்கர், கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்தாலே உறுமும். முன்கோபி என்று சிரித்தேன். பிறகு உறுமும்போதெல்லாம் அதட்டினேன். உறுமுவதை விட்டுவிட்டது. ஒருநாள் சத்தமே இல்லாமல் என் கட்டைவிரலைக் கடித்தது.

நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போலக் கீழிறங்கி உள்ளே திரும்பும். ஸ்பானியலுக்கு அதன்மேல் கனத்த மடல் வேறு மூடிக்கிடக்கிறது. உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நான் பஞ்சுக்குச்சியால் குடைந்து, அழுக்கை அந்த வளைவுக்கே தள்ளினேன். அதைவிட மடத்தனம், போன முறை மீந்த சொட்டு மருந்தை ஊற்றியது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் குழாய்ச் சுவர் தடித்து, குறுகி, கடைசியில் எலும்பாக இறுகும். பிறகு குழாயையே வெட்டி எடுக்க வேண்டியதுதான். என் நாயின் வலக்காதுக்கு அதுதான் நடந்தது.

புண் ஆறிய சில வாரங்களில், தானாக வந்து அந்தப் பக்கத்துக் கன்னத்தை என் முழங்காலில் தேய்த்தது. இரண்டு ஆண்டுகள் நான் முன்கோபி என்று சொன்ன அதே நாய்!

வாரம் ஒருமுறை மடலைத் தூக்கிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். குளித்தபின் துவட்டுங்கள். வாடை வந்தாலோ, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறினாலோ மருத்துவரிடம் போங்கள். அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து மருந்து தரச் சொல்லுங்கள்.

கண் நீலம் பூத்தால் புரை என்று முடிவுகட்டுவது

முதுமையில் லென்ஸ் இறுகினாலும் அப்படித்தான் தெரியும். பார்வை பெரும்பாலும் போகாது. எது எதுவென்று மருத்துவர் சொல்லட்டும்.

தூங்கும்போது மூச்சை எண்ணாமல் விடுவது

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். இதய வால்வு நோய் அந்த இனத்தில் மிகப் பரவலானது. அயர்ந்து தூங்கும்போது நிமிடத்துக்கு 30-ஐத் தொடர்ந்து தாண்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நம் வலி மாத்திரையைக் கொடுப்பது

கூடவே கூடாது.

கெஞ்சும் பார்வைக்கு இரங்குவது

தட்டைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்.

கிழநாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அதட்டுவது

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வந்தபிறகும் அதட்டத் தோன்றினால் அதட்டிக்கொள்ளுங்கள்.