அதிகப் புள்ளி எடுக்கும் பெஞ்ச் கார்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் புதிய ஒப்பந்தம் தேடும் காலம்) தொடங்கும்போது, தொடக்க ஐவரில் இல்லாமல் பெஞ்சிலிருந்து இறங்கி ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுக்கும் ‘கார்டு’ (guard, பந்தைக் கொண்டுசென்று வெளியிலிருந்து ஆடுபவர்) பற்றி எல்லோரும் முதலில் சொல்வது அந்த 18 என்ற எண்ணைத்தான். அவரை மதிப்பிட உட்காருபவர் அதைக் கடைசியில் பார்ப்பது நல்லது. ஆட்டக்காரர் தன் அணிக்கு எவ்வளவு பயன்படுவார் என்பது ஒரு கணக்கு. அவரைப் பெற எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பது வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதி, முதல் தாளை முடித்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

முதல் தாளில் வீச்சுத் திறனைக் குறியுங்கள். ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44 ஆல் பெருக்கிக் கள வீச்சு முயற்சிகளோடு கூட்டி, அதை இரட்டித்து, புள்ளிகளை அதனால் வகுத்தால் கிடைப்பதே ட்ரூ ஷூட்டிங் விகிதம். 15 வீச்சுகளிலும் 4 ஃப்ரீ த்ரோக்களிலும் 18 புள்ளி எடுப்பவருக்கு இது சுமார் 54 விழுக்காடு. அதே 18 புள்ளியை 13 வீச்சுகளிலும் 4 ஃப்ரீ த்ரோக்களிலும் எடுப்பவருக்கு 61 விழுக்காடு. அண்மைப் பருவங்களில் லீகின் சராசரி 57, 58 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், முதலாமவர் சராசரியைவிடக் குறைந்த பலனுக்குப் பந்தைச் செலவழிக்கிறார், இரண்டாமவர் அணிக்கு உண்மையாகவே கூடுதலாகத் தருகிறார். புள்ளிப் பட்டியலில் இருவரும் ஒரே வரியில் நிற்பார்கள்.

அடுத்து, அந்தப் புள்ளிகள் யாருக்கு எதிராக வந்தவை என்று பாருங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். எதிரணியின் முதல் ஐவர் ஓய்வெடுக்கும் இரண்டாம் கால்பகுதித் தொடக்கத்தில், பந்து முழுவதும் தன் கையில் இருக்க, பலவீனமான தடுப்பை எதிர்த்து எடுத்த புள்ளிகளும், கடைசி ஐந்து நிமிடங்களில் எதிரணியின் சிறந்த தடுப்பாளர் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது எடுத்தவையும் ஒன்றல்ல. ஆகவே அவர் ஆட்டத்தை முடிக்கும் ஐவரில் இடம்பெறுகிறாரா, தன் அணியின் நட்சத்திரத்தோடு சேர்ந்து ஆடும் நிமிடங்களில் பந்து கையில் இல்லாதபோதும் மூலையில் நின்று மூன்று புள்ளி வீசி உதவுகிறாரா என்பதைக் காணொளியில் பொறுமையாகப் பாருங்கள். பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றுகளில் எதிரணிகள் உயரம் குறைந்த கார்டைத் தேடிப்பிடித்து, பிக் அண்ட் ரோல் (ஒருவர் தடுப்பாளரை மறித்து நின்று, பந்து வைத்திருப்பவருக்கு வழி உண்டாக்கும் ஆட்டமுறை) வழியாக மீண்டும் மீண்டும் அவரையே தடுக்க வைக்கும். அப்போது அவரைப் பயிற்சியாளர் களத்தில் வைத்திருந்தாரா, உட்கார வைத்தாரா என்பதற்குப் புள்ளிச் சராசரியைவிட அதிக எடை கொடுப்பேன்.

ஒரு பழைய எடுத்துக்காட்டு இதை விளக்கும். பென் கார்டன் 2005இல் அறிமுக ஆட்டக்காரராகவே சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருதை, அதாவது பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவருக்கான விருதைப் பெற்றவர். 2008-09இல் சிகாகோவுக்குத் தொடக்க ஆட்டக்காரராக 20.7 புள்ளி எடுத்த அவரை, அந்தக் கோடையில் டெட்ராய்ட் 5 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அங்கே அதே இடத்தில் ஆடும் ரிச்சர்ட் ஹாமில்டன் ஏற்கெனவே இருந்ததால் நிமிடங்கள் குறைந்தன. முதல் பருவத்திலேயே சராசரி 13.8க்கு இறங்கியது. 2012இல் அவரை ஷார்லட்டுக்கு அனுப்புவதற்காக டெட்ராய்ட், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தது. ஆட்டக்காரரின் திறமையை மட்டும் எடைபோட்டு, அவர் வந்து நிற்கப்போகும் இடத்தை எடைபோடாமல் விட்டதற்கான விலை அது.

இனி இரண்டாவது தாள். தொகையை டாலரில் ஒப்பிடாமல், சம்பள உச்சவரம்பின் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை) விழுக்காடாக ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஆண்டுதோறும் உச்சவரம்பு உயர்வதால் பழைய டாலர் கணக்கு ஏமாற்றும். பெஞ்ச் கார்டான லூ வில்லியம்ஸ் 2015இல் அதே ஆறாவது ஆட்டக்காரர் விருதைப் பெற்ற கையோடு லேக்கர்ஸுடன் 3 ஆண்டுகளுக்கு 2 கோடி 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அன்றைய 7 கோடி டாலர் உச்சவரம்பில் அது ஆண்டுக்கு 10 விழுக்காடு. 2018இல் 22.6 புள்ளி எடுத்த பருவத்தின் நடுவே கிளிப்பர்ஸுடன் 3 ஆண்டுகளுக்கு 2 கோடி 40 லட்சம் டாலருக்கு நீட்டிப்பு செய்தபோது அது 8 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. புள்ளி ஏறியும் பங்கு இறங்கியது.

உச்சவரம்பில் இடமில்லாத அணிகளிடம் இருப்பது மிட்-லெவல் விதிவிலக்குதான்; உச்சவரம்பைத் தாண்டியும் ஆட்டக்காரரைச் சேர்க்க லீக் அனுமதிக்கும் ஆண்டுத் தொகை அது. 2025-26இல் உச்சவரம்பு சுமார் 15 கோடி 46 லட்சம் டாலர். விதிவிலக்கு முழுமையாக இருந்தால் 1 கோடி 41 லட்சம், அதாவது 9 விழுக்காடு. உச்சவரம்புக்கும் மேலே ‘ஏப்ரன்’ என்ற இரண்டு செலவு வரம்புகள் உண்டு; முதல் ஏப்ரனைத் தாண்டிய அணிக்கு 57 லட்சம். இரண்டாம் ஏப்ரனையும் தாண்டியவருக்கு அதுவும் இல்லை. எனவே எத்தனை அணிகளிடம் இடம் இருக்கிறது, அவற்றுள் எவற்றுக்குக் கார்டு தேவை என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் விலையின் மேல்வரம்பு தெரிந்துவிடும்.

சொந்த அணிக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். 2024இல் மாலிக் மங்க் 15.4 புள்ளியும் 5.1 அசிஸ்டும் எடுத்திருந்தார். சாக்ரமென்டோவுடன் இரண்டே ஆண்டு ஆடியிருந்ததால், ‘எர்லி பேர்ட்’ உரிமையின்படி (உச்சவரம்பைத் தாண்டியும் தன் ஆட்டக்காரரை ஓர் எல்லைவரை தக்கவைக்க விடும் விதி) அந்த அணி கொடுக்க முடிந்த உச்சத் தொகை 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7 கோடி 80 லட்சம் டாலர்; அதற்கே கையெழுத்திட்டார். மிட்-லெவலை மட்டும் வைத்திருந்த அணியால் அதே 4 ஆண்டுகளுக்கு 5 கோடி 50 லட்சத்தை ஒட்டியே கொடுக்க முடிந்திருக்கும். அசிஸ்ட் எண்ணிக்கையைக் கவனியுங்கள்: பிறருக்கும் வாய்ப்பு உண்டாக்குபவர் என்பதால்தான் மங்குக்குக் கூடுதல் கொடுப்பது நியாயமாகத் தோன்றியது.

ஆண்டுகளின் எண்ணிக்கை தொகையைவிட ஆபத்தானது. முதல் அடியின் வேகத்தையே நம்பும் கார்டு முப்பதைத் தாண்டியதும் சரிவார். ஃபவுல் வாங்கும் நுணுக்கமும் எந்தக் கோணத்திலும் வீசும் கையும் உள்ளவர் தாக்குப்பிடிப்பார். வில்லியம்ஸ் 32 வயதிலும் ஜமால் கிராஃபோர்டு 36 வயதிலும் ஆறாவது ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்கள். முதல் வகையினருக்கு இரண்டு உறுதியான ஆண்டுகளையும், மூன்றாவதை அணியின் விருப்பத்துக்கு விடும் விதியையும் முன்வையுங்கள். அவருடைய முகவர் நான்காவது ஆண்டை வற்புறுத்தினால், ஆண்டுத் தொகையைக் குறைக்க அவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால், முதல் தாளின்படி அவருக்குத் தகும் தொகையைத் தாண்டாமல் அடுத்த பெயருக்குச் செல்லுங்கள்.