திருவான்மியூரிலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிளில்: புதியவர்களுக்கு 12 வாரப் பயிற்சி

கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வழியாகப் போனால் திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி சுமார் 140 கிலோமீட்டர். மலை ஏற்றம் கிடையாது, வழி நெடுக டீக்கடை உண்டு. தினமும் ஐந்து பத்து கிலோமீட்டர் மிதித்துப் பழகியவர் மூன்று மாதத்தில் இதற்குத் தயாராகிவிடலாம். தயங்குகிறவர்கள் பெரும்பாலும் காலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கால் எப்படியும் தாங்கிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் சீட்டில் மட்டும் ஏழு மணி நேரம் உட்கார வேண்டும், நிறுத்தங்களைச் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் உட்காரவும், வெயிலில் வண்டியில் இருந்தபடியே சாப்பிடவும் உடம்பைப் பழக்குவதுதான் பயிற்சியில் முக்கால்வாசி. வேகம் கடைசிக் கவலை.

இருதயக் கோளாறு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

1. முதலில் சீட் உயரம்

புது சைக்கிள் வாங்க வேண்டிய அவசியமில்லை. நேரான ஹேண்டில்பார் கொண்ட, கியர் உள்ள ஹைபிரிட் வகை சைக்கிள் இருந்தாலே போதும். கியர் இல்லாத வண்டியிலும் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் எதிர்காற்றில் படாத பாடு படுவார்கள். எந்த வண்டியானாலும் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டு நிற்க வேண்டும். அப்புறம் வழக்கம்போல் முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் அளவு. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டை மிகத் தாழ்வாக வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், நின்றால் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டுமே என்ற பயம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கலாம். அரை சென்டிமீட்டர் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம் செய்யுங்கள்.

ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, இவை கட்டாயம். பஞ்சு வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் உரசி புண்ணாகிவிடும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் 60 கிலோமீட்டருக்கு அப்புறம் சிரிப்பதில்லை.

2. வார நாட்களில் இரண்டு தடவை

செவ்வாய், வியாழன் மாதிரி இரண்டு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போதும். ஒரு நாள் நிதானமாக, பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். மூச்சு வாங்கி வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். இன்னொரு நாள் நடுநடுவே நான்கைந்து நிமிடம் அழுத்தி மிதித்து, அதே அளவு நேரம் ஆற விடுங்கள். சென்னையில் மேடு இல்லையே என்று தேட வேண்டாம், மாலைக் கடற்காற்றுக்கு எதிராக ஓட்டினாலே ஏற்றம் ஏறிய பலன் கிடைக்கும்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதுதான் புதியவர்களின் வழக்கம். அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை கீழே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். 40 முறை வந்தால் சரி. 30 என்றால் ஒரு கியர் இலகுவாக்குங்கள். முதலில் கால் சும்மா சுற்றுகிறதே என்று இருக்கும். நாலாவது மணி நேரத்தில் முட்டி உங்களை வாழ்த்தும்.

3. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்

பயிற்சியின் உயிர் இதில்தான் இருக்கிறது. வார நாளில் ஒன்று தவறினால் பரவாயில்லை, ஞாயிறு தவறக் கூடாது. கிலோமீட்டர் கணக்கு இது:

முதல் நான்கு வாரம்: 25, 30, 40, 30
அடுத்த நான்கு: 50, 60, 70, 50
கடைசி நான்கு: 85, 100, 60, அப்புறம் புதுச்சேரி

நான்காவது, எட்டாவது வாரங்களில் தூரம் குறைவதைக் கவனியுங்கள். உடம்பு பலப்படுவது ஓட்டும்போது அல்ல, ஓய்வில். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அந்த வாரமும் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் ஏழாவது வாரத்தில் முட்டி வலியோடு வீட்டில் உட்காருகிறார்கள். 140 கிலோமீட்டரை முன்கூட்டியே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 100 முடித்தவருக்கு, நிதானமாகப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டால், மீதி 40 வந்துவிடும்.

பாதை அதே ஈ.சி.ஆர். தான். தொடக்கத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிடுங்கள், 40 வரும்போது முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்புங்கள். பிறகு கோவளம். 85, 100 வரும்போது மாமல்லபுரம் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட 90, கல்பாக்கம் பக்கம் கொஞ்சம் நீட்டினால் 100 தாண்டிவிடும். அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் பாதி தூரம் முடியும். முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். காலைக் குளிர்ச்சியில் யாராவது தாண்டிப் போவார்கள், கால் துடிக்கும். விட்டுவிடுங்கள்.

காற்றையும் படிக்கப் பழகுங்கள். கோடையில் முற்பகல் கடந்தால் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும், புதுச்சேரி நோக்கிப் போகிறவருக்கு அது எதிர்காற்று. வடகிழக்குப் பருவக்காற்று காலத்தில் நேர் மாறாக, தெற்கே தள்ளிவிட்டுத் திரும்பி வரும்போது மல்லுக்கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, மழை ஓய்ந்து வெயில் ஏறாத அந்த இரண்டு மாதம்தான் புதியவருக்கு ஏற்ற காலம். அப்படியானால் பயிற்சியை அக்டோபரில் தொடங்க வேண்டும், மழையில் சில ஞாயிறுகள் போகும். செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவது உத்தமம்.

4. பசிக்கு முன்னால் சாப்பிடுங்கள்

உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரை, சற்று அழுத்தி ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகலாம். தீர்ந்தால் கை கால் நடுங்கும், கண் இருட்டும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். அந்த நிலைமையில் சாப்பிட்டாலும் தேற அரை மணி நேரமாவது ஆகும். அதனால் முதல் முக்கால் மணி நேரத்திலேயே ஏதாவது வாயில் போட்டுவிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான கணக்கு. பெரிய வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் மூன்றையும் சட்டைப் பின்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளுக்குச் செலவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

காலை டிபன் இட்லி. பொங்கல் வேண்டவே வேண்டாம், நெய்யும் மிளகும் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு கல்பாக்கம் வரை பேசும். எது ஒத்துக்கொள்கிறது என்பதை ஞாயிறு ஓட்டங்களிலேயே சோதித்துவிடுங்கள். புதுச்சேரி போகும் அன்று புதிதாக எதையும் முயல வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் ஏறினால் முக்கால் லிட்டர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். இளநீர் கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. கூட ஒரு சிட்டிகை உப்போ, ஒரு மோரோ சேரட்டும்.

5. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

மாமல்லபுரம் தாண்டினால் சில இடங்களில் பஞ்சர் கடை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாற்று டியூப் இரண்டு, டயரை நெம்பிக் கழற்றும் டயர் லிவர், கைப்பம்பு, ஒட்டுத்துண்டு, ஆலன் சாவி எல்லாம் சீட்டுக்குக் கீழே உள்ள பையில் அடங்கும். உங்கள் டியூப்பின் வால்வு மெலிதான பிரெஸ்டா வகை என்றால் கடைக்காரரின் பம்பு பொருந்தாது. சிறு பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருநாள் சும்மா இருக்கும்போது பின்சக்கரத்தைக் கழற்றிப் பழகுங்கள். செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றினால் சுலபம். டியூப்பை உருவியதும் புதியதை அவசரமாகப் போடாதீர்கள். பழைய டியூப்பில் ஓட்டை எங்கே என்று பார்த்து, அதே இடத்தில் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெதுவாகத் துடையுங்கள். லாரி டயர் கிழிசலிலிருந்து சாலையில் உதிரும் நூல் போன்ற இரும்புக் கம்பி அங்கே குத்திக்கொண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, துணி மாட்டும். அதைப் பிடுங்காமல் போட்ட டியூப் ஐந்து நிமிடத்தில் மறுபடி போகும்.

காற்றின் அளவு டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். அதில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் கொஞ்சம் குறைவாக அடித்தால் கைகளுக்கு அதிர்வு குறையும்.

6. அந்த நாள்

முந்தைய வாரம் லேசாக ஓட்டிவிட்டு ஓய்வெடுங்கள். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஆறரை, ஏழு மணிக்கு மாமல்லபுரம், அங்கே டிபன். சாலையின் இடது ஓரத்தில் மணல் படிந்திருக்கும், அதில் திடீர் பிரேக் அடிக்காதீர்கள். எதிர்த்திசையில் வரும் பைக், வளைவில் நிற்கும் பேருந்து, தெருநாய், இவற்றுக்கு எப்போதும் தயாராக இருங்கள். விரல் மரத்துப்போகாமல் இருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், நடுநடுவே எழுந்து நின்று மிதித்தால் உட்காருமிடத்துக்கு ரத்தம் ஓடும்.

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை பார்க்க ஆசை வரும். பார்க்கலாம், அரை மணி நேரம் போய்விடும் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். மரக்காணம் உப்பளங்கள் வந்தால் இன்னும் சுமார் 35 கிலோமீட்டர். நிழல் குறைவு, வெயில் உச்சத்தில் இருக்கும். முகத்தைக் கழுவி, ஓ.ஆர்.எஸ். குடித்து, ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். தலை சுற்றினாலோ வியர்ப்பது நின்றாலோ நிழலில் படுத்து உதவி கேளுங்கள், அன்று அவ்வளவுதான். திரும்பி வர என்ன ஏற்பாடு என்பதை முன்னமே முடித்து வையுங்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்தது 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் விதிகளின்படி உலகமெங்கும் நடப்பது. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா நடத்துகிறது. 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், சாப்பாட்டு நேரம் உட்பட. அதாவது மணிக்குச் சராசரி 15 கிலோமீட்டர் தான். பந்தயம் அல்ல, கடைசியாக வந்தாலும் நேரத்துக்குள் வந்தால் சரி. புதுச்சேரி முடித்த உடம்புக்கு, இதே ஞாயிறு ஓட்டங்களை இன்னும் ஐந்தாறு வாரம் தொடர்ந்தால் போதும்.