வீட்டுக்கு ஸ்பிளிட்டா, சென்ட்ரல் ஏசியா? பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீடு 1,800 சதுர அடி. எத்தனை டன் சென்ட்ரல் ஏசி போடலாம்?" கேள்வியிலேயே கோளாறு. ஸ்பிளிட் என்பது அறைக்கு ஒன்று. சென்ட்ரல் என்பது ஒரே மெஷின், டக்ட் எனும் காற்றுக் குழாய் வழியே வீடு முழுக்கக் குளிர்விப்பது. இரவு 11 மணிக்கு எத்தனை அறையில் ஏசி ஓடும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். சென்னையோ மதுரையோ, பெரும்பாலான வீடுகளில் பகலில் ஹாலில் ஃபேன், இரவில் ஒன்றிரண்டு பெட்ரூமில் ஏசி, அவ்வளவுதான். அமெரிக்க வீடுகளின் கதை வேறு. குளிர்காலத்தில் வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் டக்ட் பல வீடுகளில் முன்பே இருந்தது, அதிலேயே ஏசியையும் சேர்த்துவிட்டார்கள். நம் வீட்டில் அந்த டக்டும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை.

வேகம் மாறாத கம்ப்ரசர் கொண்ட 5.5 டன் டக்ட் மெஷின் ஓடும்போது 6 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். தேவைக்கேற்ப கம்ப்ரசர் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் வகை ஒரு டன் ஸ்பிளிட் முழு வேகத்திலேயே ஏறக்குறைய ஒரு கிலோவாட்தான், அறை குளிர்ந்தபின் இன்னும் குறையும். ஒரே ஒரு பெட்ரூமுக்காக அந்தப் பெரிய மெஷினை ஓட்டினால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கட்டணம் ஏறும்.

"ஆள் இல்லாத அறைகளில் குளிர்காற்று வரும் கிரில்லை மூடிவிடலாமே?" அடுத்த தவறு இது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று, அதைக் குளிர்விக்கும் காயிலைக் கடந்து போக வேண்டும். 5.5 டன்னுக்கு 2,200. நான்கு அறையை அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் அவ்வளவு காற்றுக்கு வழியில்லை. காயில் சில்லிட்டு ஐஸ் கட்டும், ஆவியாகாத திரவ கேஸ் கம்ப்ரசருக்குத் திரும்பும், கம்ப்ரசர் அடிவாங்கும். அறைவாரியாக அடைக்க வேண்டுமென்றால் டக்டைத் திறந்து மூடும் மோட்டார் டாம்பரும் வேகம் மாறும் மெஷினும் முதலிலிருந்தே டிசைனில் இருக்க வேண்டும்.

வியாபாரப் பேச்சில் விஆர்எஃப்பையும் "சென்ட்ரல்" என்றே சொல்வார்கள். அது வேறு ஜாதி. மொட்டை மாடியில் ஒரு அவுட்டோர், அறைக்கு ஒரு இன்டோர், இடையில் காப்பர் பைப். டக்ட் கட்டாயமில்லை. ஐந்தாறு அவுட்டோரை மாட்டச் சுவரில் இடமே இல்லாத தனிவீட்டுக்கு நியாயமான வழி. ஆனால் அந்த ஒரே அவுட்டோரின் போர்டு போனால், மே மாதத்தில் வீடு மொத்தமும் புழுங்கும். தனித்தனி ஸ்பிளிட்டில் ஒன்று படுத்தால் பக்கத்து அறையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

டக்ட்தான் என்று முடிவு செய்தவர்கள் ஃபால்ஸ் சீலிங்கை மறந்துவிடுகிறார்கள். டக்டும் இன்சுலேஷனும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை அடி உயரத்தை விழுங்கும். 10 அடி அறையில் பீமுக்குக் கீழே அதை ஓட்டினால் தலைக்கு மேல் 8 அடிதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய வில்லன் ஈரக்காற்று. கடலோர ஊர்களில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் வியர்க்கலாம், டக்டுக்குள் ஓடுவதோ 13, 14 டிகிரிக் காற்று. டக்டின் மேல் இன்சுலேஷனாக நைட்ரைல் ரப்பர் போர்த்தும்போது ஒரு மூலையில் விரலளவு இடைவெளி விட்டால் போதும். ஸ்பாட் லைட்டைச் சுற்றிப் பழுப்பு வட்டம், பிறகு ஜிப்சம் உப்பல், கடைசியில் சொட்டு. சீலிங்கை மூடும் முன் டார்ச் அடித்து ஒவ்வொரு ஜாயின்டையும் பாருங்கள்.

காற்றை மெஷினுக்குத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில் ஹாலில் மட்டும் இருந்தால், பெட்ரூம் கதவைச் சாத்தியதும் காற்று திரும்ப வழியில்லாமல் குளிர்ச்சி குறையும். கதவிலோ சுவரிலோ காற்று ஹாலுக்குப் போக டிரான்ஸ்ஃபர் கிரில் வையுங்கள்.

ஸ்பிளிட் வாங்குபவர்கள் செய்யும் தவறுகளும் குறைவில்லை. "சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்" என்று 120 சதுர அடி அறைக்கு 2 டன் போட்டால், சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் வெளியேறாது, 24 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் ஓரளவு சமாளிக்கும், முழுக்க அல்ல. மொட்டை மாடிக்கு நேர் கீழான அறையோ மேற்குப் பார்த்த சுவரோ என்றால் மட்டும் ஒரு படி ஏற்றலாம்.

அவுட்டோரை அபார்ட்மென்ட் ஷாஃப்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தால் கீழே உள்ளதன் வெப்பத்தை மேலே உள்ளது இழுக்கும். முன்னால் 2 அடிக்கு மேல் வெட்டவெளி வேண்டும். மாட்டும் ஆள், பைப்பிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டுவந்தாரா என்று பாருங்கள். கேஸைத் திறந்துவிட்டு பைப்பிலுள்ள காற்றை 'ஊதித் தள்ளும்' பழக்கம் இன்னும் ஒழியவில்லை. உள்ளே ஈரம் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெய் கெடும். ஆண்டுதோறும் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்று நிரப்புகிறார்களா? கேஸ் தீராது, கசியும். முதலில் காப்பர் பைப்பை மெஷினோடு இணைக்கும் ஃபிளேர் நட்டில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

புதுவீடு கட்டுபவர்கள் காப்பர் பைப்பைச் சுவருக்குள் புதைக்கலாம். உள்ளே ஜாயின்ட் மட்டும் கூடாது. பூசும் முன் நைட்ரஜன் நிரப்பி, 24 மணி நேரம் கழித்தும் அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். கொத்தனார் பூச்சைத் தொடங்கும் முன் மேல்முனையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே தேங்காமல் உடனே வந்து விழ வேண்டும்.