உயில் எழுதும்போது நேரும் தவறுகள்: பத்திரம் சரியாக இருக்கிறது, சாட்சி எங்கே?

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சொத்து வழக்குகளை நடத்திவரும் எங்களைப் போன்றவர்களிடம், புதிதாகத் தொழிலுக்கு வந்த இளையவர்கள் தாங்கள் தயாரித்த உயில்களைக் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. தொடக்கக் காலத்தில் நாங்கள் கவனிக்காமல் விட்ட அதே இடங்களை அவர்களும் விட்டிருப்பார்கள். தேதியிட வேண்டும், பக்கந்தோறும் கையெழுத்து வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்பவற்றை எந்தப் பத்திர எழுத்தரும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

சாட்சியை வாசலில் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எந்த மகனுக்கு எந்த வயல், எந்த மகளுக்கு எந்த மனை என்று மாதக்கணக்கில் யோசித்து முடிவெடுக்கும் ஒருவர், சாட்சி யார் என்பதை மட்டும் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டுதான் யோசிக்கிறார். கூட வந்த மைத்துனர் ஒருவர், அங்கே வேறு வேலையாக வந்திருந்த யாரோ ஒருவர் என்று இரண்டு கையெழுத்துகள் சேர்ந்துவிடுகின்றன. பதிவு முடிந்துவிட்டது, இனி யாரும் அசைக்க முடியாது என்ற நிம்மதியுடன் எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவில், குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. உயில் எழுதுபவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பின்னர் அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று வந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிருடன் இருந்து சாட்சி சொல்லும் நிலையில் இருக்கும்வரை, அவரைக் கூண்டில் ஏற்றாமல் உயிலை நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் அப்படியே தொடர்கிறது. பதிவு செய்யப்பட்ட மற்ற பத்திரங்களை, எழுதியவர் மறுக்காதவரை, சாட்சியை அழைக்காமலே நிரூபிக்கலாம் என்ற சலுகை உயிலுக்குக் கிடையாது என்பதைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

குடியாத்தம் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர், தோப்பை இளைய மகனுக்கு எழுதிவைத்துவிட்டுக் காலமானார். பதிவு செய்த உயில்தான். மகள் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தபோது பார்த்தால், ஒரு சாட்சியான மைத்துனர் பெரியவருக்கு முன்பே இறந்துபோயிருந்தார். மற்றொருவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘வேலூர்’ என்று மட்டும் இருந்தது. அவர் யார் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. “எழுதின பத்திர எழுத்தர் இருக்காரே சார், அவரைக் கூப்பிட்டா போதாதா?” என்று இளைய மகன் கேட்டார். எழுதியவர் என்ற முறையில் மட்டும் கையெழுத்திட்டவரைச் சட்டம் சாட்சியாகக் கருதுவதில்லை. சாட்சியாக இருக்கும் எண்ணத்துடன் கையெழுத்திட்டார் என்று காட்டினால்தான் அவர் சொல் செல்லும். சார்பதிவாளருக்கும் ஏறத்தாழ இதே நிலைதான்.

எஞ்சியிருந்த வழி ஒன்றே. இறந்த மைத்துனரின் கையெழுத்தை அறிந்த ஒருவரைக் கொண்டு அது அவருடையதுதான் என்றும், உயிலில் உள்ளது பெரியவரின் கையெழுத்துதான் என்றும் காட்ட வேண்டும். மைத்துனரின் மனைவி நடக்க முடியாத நிலையில் நீதிமன்றத்துக்கு வந்து அதைச் சொன்னார். அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. இரு தரப்பும் களைத்துப்போய், தோப்பின் ஒரு பகுதியைச் சகோதரிக்குக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். பெரியவர் நினைத்தது நடக்கவில்லை, சகோதரி கேட்டதும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

ஆகவே, சாட்சிகள் உயில் எழுதுபவரைவிட வயதில் கணிசமாக இளையவர்களாகவும், அதே ஊரில் வேர் உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். தந்தை பெயர், முழு முகவரி ஆகியவை தெளிவாக எழுதப்பட வேண்டும். நீதிமன்றத்துக்கு வர நேரிடலாம் என்று முன்பே சொல்லிவைக்காவிட்டால், “கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்” என்று கூண்டில் நின்று கைவிரிக்கும் சாட்சிகளைப் பின்னால் சந்திக்க வேண்டிவரும். முதுமையில் எழுதுவதாக இருந்தால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே ஒரு சாட்சியாக இருப்பது நல்லது. மனத்தெளிவு குறித்தும் அவரால் பேச முடியும். பயன் பெறுபவரும் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாகவே கூடாது. கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் செய்தால் வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி அந்தப் பயனே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால், உயில் எழுதியவர் உயிருடன் இருக்கும்போதே புதிய சாட்சிகளுடன் மறுபடியும் எழுதிவிடுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை.

தாய்ப்பத்திரத்தைப் பார்த்து எழுதுவது

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனால் இன்று எழுதப்படும் உயிலின் சொத்து விவரத்திலும், தாய்ப்பத்திரத்தில் கண்டபடி, ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றும் யு.டி.ஆர் எனப்படும் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டத்துக்கு முந்தைய சர்வே எண்ணும் அப்படியே இடம்பெறுகின்றன. பட்டா மாற்றத்துக்குப் போகும் பிள்ளைகள் அந்த எண்ணைத் தாலுகா அலுவலகக் கணக்கோடு பொருத்திக் காட்ட முடியாமல் திண்டாடுகிறார்கள். பழைய எண், புதிய எண், உட்பிரிவு, நான்கெல்லை, இன்றைய வட்டம், மாவட்டம் எல்லாம் இருக்கட்டும்.

பூர்வீகச் சொத்து முழுவதையும் எழுதிவைப்பது

கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவர் தம் பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் 2020இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வந்த பிறகு, மகளுக்கும் அதில் பிறப்பால் பங்கு உண்டு. திருமணத்தின்போது சீர் செய்துவிட்டோம் என்பது பதிலாகாது.

நாமினி போட்டாகிவிட்டது என்று இருப்பது

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், வாரிசு அல்லர். வங்கி வைப்புத்தொகைக்கும் பங்குகளுக்கும் இதுதான் நிலை.

முஸ்லிம் குடும்பங்கள்

ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வருவோர் கவனிக்க: சாட்சிகள் பற்றி மேலே சொன்ன 63ஆம் பிரிவு உங்களுக்குப் பொருந்தாது. கடனும் அடக்கச் செலவும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பீரோவில் பூட்டிவைப்பது

சாவி யாரிடம் இருக்கிறதோ அவருக்கு எதிரான உயில் காணாமல் போய்விடும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது.

நிறைவேற்றுநரை (உயிலைச் செயல்படுத்தும் பொறுப்பாளரை) குறிப்பிடாமல் விடுவது

வேலூரில் உள்ள சொத்துக்கு வேலூரிலேயே எழுதப்பட்ட இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, ஒருபோதும் கட்டாயமாக இருந்ததில்லை. சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட உயிலுக்கும் அங்குள்ள மனை, வீடுகளுக்கும் இருந்த கட்டாயத்தையும் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எனினும், உடன்பிறந்தோர் ஆட்சேபிக்கும் குடும்பத்தில் அது தேவைப்படலாம். உயிலில் நிறைவேற்றுநர் எனப் பெயர் குறிக்கப்பட்டவருக்குத்தான் புரொபேட் வழங்கப்படும். அப்படி யாரும் இல்லையென்றால், உயிலை இணைத்து நிர்வாக உரிமை ஆவணம் கோரி வேறு மனு போட வேண்டியிருக்கும். எனவே நம்பகமான இளையவர் ஒருவரையும், அவரால் இயலாதபோது செயல்பட மற்றொருவரையும் அவர்களின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டே குறிப்பிட வேண்டும்.