எந்த நாட்டுக் கதவைத் தட்டுவது?

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கொரு சின்னக் கொமியூனிகேஷன் கடை. 10ஆம் திகதி சம்பளம் போட்டு இரண்டு நாள் கழிந்ததும், தோட்டத்துப் பையன்கள் தலையைக் குனிந்தபடி போனை நீட்டுவார்கள். "அக்கா, இணையப் பந்தயத்தில் வென்ற காசை எடுக்க முடியவில்லை."

முதல் வேலை, இனி ஒரு ரூபாயும் அனுப்பாமல் இருப்பது. "வரி கட்டினால் விடுவிப்போம்" என்று செய்தி வந்திருந்தால், அது தூண்டிலில் மாட்டும் இரண்டாவது புழு. தளக்காரர்கள் கணக்கை முடக்குவதற்கு முன்பே மீதித் தொகை, பணம் அனுப்பிய ரசீது, அவர்களோடு பேசிய அரட்டை எல்லாவற்றையும் திகதி தெரியப் படம் பிடியுங்கள்.

பிறகு இணையத்தளத்தின் அடிப்பக்கத்துக்குப் போங்கள். மோல்டா, கரீபியன் தீவான குராசோ, பிரித்தானியா என்று ஏதாவது ஒரு நாட்டின் சூதாட்ட அனுமதி முத்திரை இருக்கும். அதை அழுத்தாதீர்கள்; அது அவர்களே செய்த பொய்ப் பக்கத்துக்கும் கொண்டுபோகலாம். அந்த நாட்டு அதிகார சபையின் பதிவேட்டை நீங்களே தேடித் திறந்து, இணைய முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். என் அண்ணன் மகன் 38,000 ரூபாய் விட்ட தளத்தில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பெயர் உண்மையான நிறுவனத்தினுடையது, முகவரி திருடனுடையது.

குராசோ முத்திரை என்றால் அனுமதியின் திகதியையும் பாருங்கள். முன்பு அங்கே தலைமை அனுமதிப்பத்திரம் வைத்திருந்த நான்கு நிறுவனங்கள் மற்றவர்களுக்கு உப அனுமதி கொடுத்துவந்தன. 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டம் அந்த முறையை முடித்துவைத்தது. பிரித்தானியப் பத்திரமோ அந்த நாட்டில் இருந்து ஆடுபவர்களுக்கானது. ஹட்டனில் இருந்து ஆடியவருக்கு அது குடையாகாது.

பதிவேட்டில் முகவரி இருந்தால், முதலில் நிறுவனத்துக்கே முறைப்பாடு எழுத வேண்டும். பிரித்தானிய விதிப்படி நிறுவனத்தின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டாலோ எட்டு வாரத்தில் தீராவிட்டாலோதான் கட்டணமில்லாத சமரச அமைப்புக்குப் போகலாம். அனுமதி கொடுக்கும் பிரித்தானியச் சூதாட்ட ஆணையம் தனியாள் காசுத் தகராறைத் தீர்க்காது. பலருக்கு இது கசக்கிறது, எனக்கும் கசந்தது.

அப்படியானால் ஆணையத்துக்கு ஏன் எழுத வேண்டும்? நாட்டுக்கு நாடு இந்த அலுவலகங்கள் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்து தகவல் மாற்றிக்கொள்கின்றன. ஒழுங்குமுறையாளர்களுக்கு ஒரு சர்வதேசச் சங்கமும் உண்டு. வேறொரு நாட்டில் தன்மேல் விசாரணை நடந்தால், பிரித்தானிய அனுமதி வைத்திருக்கும் நிறுவனம் அதைப் பிரித்தானிய ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். ஆகவே ஒரே நிறுவனம் மோல்டாவிலும் பிரித்தானியாவிலும் பதிந்திருந்தால், ஒரே முறைப்பாட்டை இரண்டு இடத்துக்கும் அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் மற்றதன் அனுமதி இலக்கத்தைக் குறிப்பிடுங்கள். ஒரு பக்க ஆங்கிலம் போதும். திகதி, தொகை, கணக்குப் பெயர், ரசீது. அழுகையும் சாபமும் வேண்டாம். அதை என் கடையில் கொட்டிவிட்டுப் போங்கள், தேநீரும் தருகிறேன்.

பதிவேட்டில் முகவரியே இல்லையென்றாலும் எழுதுங்கள். அனுமதி இல்லாமல் தன் பெயரைப் பயன்படுத்தும் முகவரிகளை மோல்டா அதிகார சபை பட்டியலாக வெளியிடுகிறது. காசுக்கு மட்டும் அங்கே வழியில்லை. அதே படங்களோடு நம் பொலிஸுக்கும், பணம் போன வங்கிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். இலங்கை நாடாளுமன்றம் 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைக்கான சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. அந்தச் சபைக்கும் ஒரு பிரதி போகட்டும் என்று என் கணினியில் கடித மாதிரி ஒன்றை வைத்திருக்கிறேன். அச்செடுக்கப் பக்கத்துக்கு 20 ரூபாய். அண்ணன் மகனுக்கு மட்டும் இனாம், அதுவும் ஒரு தடவைதான்.