ரேந்தை பின்னும்போது விரல் நுனி புண்ணாகாமல் குண்டூசி குத்துவது எப்படி

மாதிரி அட்டையைத் திண்டின் மேல் வைத்து, புள்ளிகளில் குண்டூசி குத்தி, பாபின் என்ற சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை அவற்றைச் சுற்றிப் பின்னுவதுதான் பாபின் ரேந்தை. அதில் சாதாரண ஓரப்பட்டைக்கே ஒரு சாண் நீளத்துக்கு 100 குண்டூசிக்கு மேல் போகும். ஆரம்பத்தில் எனக்கு அரைமணி நேரத்திலேயே ஆள்காட்டி விரல் நுனியில் ஊசிக்கொண்டை அளவுக்குச் சின்னதாக ஒரு சிவப்புப் பள்ளம் விழுந்துவிடும், மறுநாள் அந்த இடத்தில் நூல் பட்டாலே சுரீர் என்றிருக்கும். பழகப் பழகத் தோல் காய்த்துச் சரியாகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள், சொரசொரத்த விரலில் மெல்லிய நூல் மாட்டி இழை எழும்பிவிடும்.

முதலில் அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் வலி அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் துளைக்காத அட்டையைப் பின்னும்போதே குண்டூசியால் துளைக்கிறோம், அத்தனை அழுத்தமும் விரலுக்குத் திரும்பி வருகிறது. மாதிரி ஒட்டிய அட்டையைத் தெர்மாக்கோல் மேல் வைத்து, கைப்பிடி போட்ட ஊசியால் எல்லாப் புள்ளிகளையும் முன்கூட்டியே செங்குத்தாகத் துளைத்துவிடுங்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போகும், போகட்டும். ஊசி நுனியை அவ்வப்போது மெழுகில் குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். துளை மட்டும் குண்டூசியை விடப் பெரிதாகக் கூடாது, அப்புறம் ஊசி ஆடும், பின்னல் கோணும்.

அட்டை சரியாக இருந்தும் ஊசி முரண்டு பிடித்தால் திண்டைச் சந்தேகப்படுங்கள். மரத்தூளை அளவுக்கு மீறி இறுக்கி அடைத்த திண்டு கல் மாதிரி இருக்கும்.

குண்டூசி பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ இருக்கட்டும், மெல்லிய நூலுக்கு அரை மில்லிமீட்டர் கனமே போதும். ஆங்கிலேய மிஷனரி மார்த்தா மால்ட் 1820களில் ரேந்தை சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய நாகர்கோவில் பக்கமும் சரி, இலங்கையில் காலி, வெலிகம பக்கமும் சரி, ரேந்தை வேலை நடக்கிற ஊர்களில் உப்புக்காற்று உண்டு. துருவேறிய ஊசி உள்ளே போகவும் மறுக்கும், வெளியே வரவும் மறுக்கும், நூலையும் கறையாக்கும்.

இனி குத்தும் விதம். பின்னும் இடத்தில் ஊசியை முழுக்க இறக்கவே வேண்டாம், அசையாமல் நிற்கும் அளவுக்கு இறங்கினால் போதும். ஓர ஊசிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள், நூல் இழுக்கும்போது எழும்பாது. விரலை அதிகம் பதம்பார்ப்பது அடுத்த கட்டம்தான்: பாபின் மாட்டக்கூடாது என்று பின்வரிசை ஊசிகளைக் கொண்டைவரை அமுக்குவது. அதை வெறும் விரலால் செய்யாதீர்கள். இதற்கென்றே நுனியில் குழி உள்ள சின்ன உலோகக் கம்பி விற்கிறார்கள், கொண்டை அந்தக் குழிக்குள் உட்காரும், உள்ளங்கையால் தள்ளினால் போதும். அது கிடைக்காவிட்டால் தையல் விரலுறை, அதுவும் இல்லாவிட்டால் நுனியில் இரண்டு சுற்று துணி பிளாஸ்திரி.

ஏற்கெனவே புண்ணாகிவிட்டதா? இரண்டு மூன்று நாள் திண்டை மூடி வைத்துவிட்டு, அடுத்த பட்டைக்கு வேண்டிய பாபின்களில் நூல் சுற்றிக்கொண்டிருங்கள்.